படுதாவுக்கு முன்னால் ஒரு நாற்காலி

சுங்குவார்சத்திரம்
3-11-1991

அன்பு மகள் சில்வியாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம், அப்பா சுகம், என் கோபமும் நல்ல சுகத்தோடு இருக்கிறது. உன் இருமல் நின்றதா? பம்பாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே.

வெள்ளி விழா விஷயமாக நான் சித்தப்பாவோடு சண்டை போடுவதாக அப்பா உனக்கு எழுதினாராமே. விட்டுக் கொடும்மா என்று நீயும் பதில் போட்டுவிட்டாய். காரணம் தெரியாமல் எழுதினாய், அதனால் உன்மேல் வருத்தமில்லை. மார்னிங் பெல்ஸ் இசைக்குழு தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆகிறது என்று டிசம்பர் 28 அன்று பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போடுகிறார்கள். நோட்டீஸில் மைக் செட்காரர் பெயர்கூட இருக்கிறது. கிட்டார் என்ற இடத்தில் உன் சித்தப்பா மைக்கேல்ராஜ். சில்வியா, 1966இல் அந்த முதல் மேடையில் வாசித்தது நான். இலங்கை வானொலியில் ஆங்கிலப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, சொல்லித்தர ஆளில்லாமல், விரல் தோல் உரிந்து நானே கற்றது. கல்யாணமானவள் ட்விஸ்ட் பாட்டுக்கு மேடையேறினால் ஊர் சிரிக்கும் என்று உன் அப்பா ஒரு நீலப் படுதா கட்டி, என்னையும் ஒரு மைக்கையும் அதற்குப் பின்னால் வைத்தார். முன்னால் சித்தப்பா, சத்தம் வராமலிருக்கக் கம்பிக்கு அடியில் கைக்குட்டை திணித்த கிட்டாரோடு ஆடினார். மூன்று வருஷம் கைதட்டல் அவருக்கு. நீ வயிற்றில் வந்ததும் நான் நிறுத்தினேன், அவருக்கும் அதே மாதம் கைவலி வந்துவிட்டது. வீட்டுக்குள் நான் வாசித்ததைத்தான் நீ கேட்டிருக்கிறாய்.

இப்போது விழாவில் அந்த முதல் பாட்டை அவரே வாசிக்க வேண்டுமாம். போன ஞாயிறு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். “ஒரே பாட்டு அண்ணி, படுதா கட்டிக்கலாம், யாருக்கு இன்னா தெரியப் போவுது” என்றார். “எனக்குத் தெரியுமே மைக்கேலு” என்றேன். “என் மானம் பூடும் அண்ணி” என்றார். “ஒம் மானத்துக்காவ மூணு வருசம் வாசிச்சிட்டேன், போதும்” என்றேன். உன் அப்பா பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. வந்தால் மேடைமேல், முன்னால் நாற்காலி போட்டு உட்காருவேன், நோட்டீஸைத் திருத்தி அடிக்கட்டும், மைக்கேல் வேண்டுமானால் எனக்கு மைக் பிடிக்கட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் மைதானத்து வாசலில் அதே நாற்காலியைப் போட்டு அதே பாட்டை வாசிப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. நான் இறங்கி வருவேன் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

நீ கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுக்காதே, கிட்டார் கம்பி ஒரு செட் வாங்கி டிசம்பர் முதல் வாரத்துக்குள் அனுப்பு, மெல்லிசுக் கம்பி மட்டும் இரண்டாக. இந்தப் பார்சலில் இரண்டு நீலத் தலையணை உறை இருக்கிறது. அந்தப் படுதாதான். நான் வெட்டத் தொடங்கியதைப் பார்த்த உன் அப்பா, கத்தரிக்கோல் மொக்கை என்று எடுத்துப்போய்ச் சாணை பிடித்து வந்து கொடுத்தார். நன்றாகத் தலை வைத்துத் தூங்கு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா,
கிட்டார் ரூத்