அம்மா அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டாள்

என் செல்ல சுமதிக்கா,

சேலையூரில் நேற்றிலிருந்து மழை. கேம்ப் ரோட்டில் வழக்கம்போல முழங்கால் தண்ணீர். நீ இருந்திருந்தால் ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு, "ஏய் கௌரி, செருப்பைக் கையில எடு, இன்னைக்கு நடராஜா சர்வீஸ்தான்" என்று கிளம்பியிருப்பாய். பஜ்ஜி வாங்காமல் வீடு திரும்பியிருக்க மாட்டாய்.

நம் வீட்டுச் சட்டங்கள் நினைவிருக்கிறதா? அரிசி தீர்ந்தால் 'இல்லை' என்று சொல்லக் கூடாது, 'நிறைய இருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். 'போறேன்' என்று கிளம்பினால் அம்மா திரும்பக் கூப்பிட்டு 'போயிட்டு வரேன்' சொல்லவைப்பாள். ஒருநாள் நீ, "அம்மா, காபிப்பொடி நிறைஞ்சு வழியுது, வாங்கக் காசு குடு" என்றாய். சிரித்த சிரிப்பில் அப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

அப்படிப்பட்ட நீ பேச்சைக் குறைத்தாய். ஸ்கூல் பிள்ளைகளின் பேப்பர்கள் திருத்தாமல் கிடந்தன. தலைவாரக்கூட அலுப்பு என்றாய். டாக்டர் மனச்சோர்வு நோய் என்று மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிட்டோம், வரன் பார்க்கிற வீட்டில் யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, அடுப்படியில் நின்று, "செத்துடலாம் போல இருக்கும்மா" என்றாய்.

"வாயைக் கழுவுடி! விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?"

நீ நிஜமாகவே போய் வாயைக் கொப்பளித்தாய். அதன்பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேச்சு நின்றதும் எண்ணமும் போய்விட்டதென்று நம்பினோம். அந்த மாசியில் உன்னை இழந்தோம். சொந்தக்காரர்கள் சிலர் 'கோழை' என்றார்கள். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. நோயாளியைப் போய் அப்படிச் சொல்வார்களா?

இனி என் சேதி. எனக்கும் அது வந்தது, அக்கா. பாப்பா பிறந்த பிறகு தூக்கம் போயிற்று. குழந்தை அழுதால் பக்கத்து வீட்டில் யாரோ அழுவதுபோல் இருந்தது. நான் இல்லாவிட்டால் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கௌரி, உனக்குச் செத்துப்போகணும்னு தோணுதா?"

நம் அம்மாவா? 'போறேன்' என்ற சொல்லுக்கே பதறுகிறவளா? எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஆமாம்மா" என்றேன்.

"சரி. சொல்லிட்டல்ல, அது போதும். உன்னைத் தனியா விடமாட்டேன். கிளம்பு, டாக்டர்கிட்ட போலாம்."

குரோம்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். "கேட்டா எண்ணம் வந்துடும்னு எல்லாரும் பயப்படறாங்க. நீங்க கேட்டதாலதான் இவங்க இங்க உக்காந்திருக்காங்க" என்றார். "மூத்தவகிட்ட கேக்கலையேம்மா" என்று அம்மா அங்கேயே உடைந்துவிட்டாள். அவளைத் திட்டாதே, அக்கா. அன்றைக்கு நம்மில் யாருக்கும் தெரியாது.

மாத்திரை சாப்பிடுகிறேன், ஒளிக்காமல். கவுன்சலிங் போகிறேன். பாப்பா அழுதால் இப்போது என் பாப்பா அழுகிறாள். எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்க்கிறது. வந்தால் அன்றைக்கே அம்மாவிடமோ இவரிடமோ சொல்லிவிடுகிறேன்.

வருகிற தையில் நான் உன் வயதைத் தொடுகிறேன். நீ நின்ற இடம் அது. உனக்கு வாக்குத் தருகிறேன், அக்கா: அதைத் தாண்டிப் போவேன்.

எத்தனை வயதானாலும் உனக்கு இளையவள்,
உன் தங்கச்சி கௌரி