உளுந்து கருகியது

பிப். 3, திங்கள்

காலையிலேயே வெயில். பனி சுத்தமாக விட்டுவிட்டது. மலைப்பக்கம் ஒரு பொட்டு மேகம் இல்லை. திருப்புதல் தேர்வுத் தாள் பாதி திருத்தியது. ரேஷன் சர்க்கரை வாங்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அண்ணன் கொல்லையில் இறங்கினேன். குத்தகைக் கொல்லை, முழுக்க உளுந்து. வியாழக்கிழமை களைக்கொல்லி அடித்தான். களை சாகிறது. உளுந்தும்தான். அடியிலைகள் ஓரமெல்லாம் மஞ்சள், நுனி தீய்ந்த காகிதம் மாதிரி. மோட்டார் கொட்டகை மூலை மட்டும் பச்சை. அங்கே போவதற்குள் மருந்து தீர்ந்துவிட்டதாம். மீதி பாட்டிலை மறுநாள் அடிக்கலாம் என்று வைத்தவன் அடிக்கவில்லை.

வரப்பில் உட்கார்ந்திருந்தான்.

பிப். 4, செவ்வாய்

அண்ணன் கச்சிராயபாளையம் பூச்சிமருந்துக்கடைக்குப் போய் வந்தான். கடைக்காரர் இலையைக் கையில்கூட வாங்கவில்லையாம். மருந்தில் கோளாறு இல்லையாம். விதைக்கும்போது வீட்டுப் பெண்கள் யாராவது தூரமாக இருந்து கொல்லையில் இறங்கினார்களா என்று கேட்டாராம்.

இவன் அதை அப்படியே சுமந்துகொண்டு வந்து அண்ணியிடம் கேட்கிறான். “வெதைக்கும்போது நீ தூரமாத்தான இருந்த?”

அண்ணி சோற்றை இறக்கி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். பொங்கலுக்கு முந்தின வாரம் விதைத்தது அவள். தண்ணீர் கட்டியது அவள். ஆமாம், தூரமாகத்தான் இருந்தாள், மாதவிலக்கு. அதனால் என்ன?

நான் கத்தினேன். “நீ படிச்சவ, உனக்கு இதெல்லாம் புரியாது” என்றான். படித்ததால் புரியாதாம்.

பேனா தாளைக் கிழிக்கிறது. போதும்.

பிப். 5, புதன்

அண்ணி இன்று கொல்லைக்குப் போகவில்லை.

பதினொன்றாம் வகுப்பு, ஒளிச்சேர்க்கை. கரும்பலகையில் எலக்ட்ரான் போகும் வழி. பச்சையத்தில் வெளிச்சம் விழுகிறது, எலக்ட்ரான் கிளம்புகிறது. அந்த இடத்தை நிரப்ப நீர் உடைந்து தன் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. கிளம்பியது பிளாஸ்டோகுயினோன், பிறகு சைட்டோகுரோம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிப் போகிறது. கடைசியில் அதைக் கொண்டுதான் செடி சர்க்கரை செய்கிறது.

பிளாஸ்டோகுயினோன் என்று எழுதும்போது சாக்பீஸ் நின்றுவிட்டது. மக்காச்சோளத்துக்கு அடிக்கிற களைக்கொல்லி உட்காருவது இந்த இடத்தில். கல்லூரியில் படித்ததுதான். பிளாஸ்டோகுயினோன் வந்து உட்கார வேண்டிய குழியில் மருந்து உட்கார்ந்துகொள்ளும். எலக்ட்ரான் அதைத் தாண்ட முடியாது. வெளிச்சமோ விழுந்துகொண்டே இருக்கும். போக்கிடம் இல்லாத அந்தச் சக்தி இலையையே எரித்துவிடும். மக்காச்சோளம் அந்த மருந்தைத் தனக்குள் முறித்துப் போட்டுவிடும். உளுந்தால் ஆகாது.

வீட்டுக்கு ஓடி வந்தேன். எந்த டப்பா என்று அண்ணனைக் கேட்டேன். “மக்காச்சோளப் படம் போட்ட டப்பாலேர்ந்து பாட்டில்ல ஊத்திக் குடுத்தாரு. எல்லாம் ஒண்ணுதான்னாரு.”

ஒன்றுதானாம்! பாட்டிலில் லேபிள் கிடையாது.

பிப். 6, வியாழன்

பல்லி விழுந்த பாலைக் கொட்டினோம். தலைவலி.

வெங்காயம் உரித்துக்கொண்டே அண்ணியிடம் எல்லாம் சொன்னேன். எலக்ட்ரான் போவது ஏரி வேலையில் மண்சட்டி கைமாற்றுவதுபோல என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள். “நடுவுல ஒருத்தி வாங்காம நின்னுக்கினா பின்னால இருக்கறவ மேலதான் மண்ணு கொட்டும்.” கொஞ்சம் கழித்து, “அப்ப வெயிலு படலன்னா எரியாதா?”

எரியாது என்றேன். சோதித்துப் பார்த்துவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தோம்.

பிப். 8, சனி

கொட்டகை மூலையில், பச்சையாக நிற்கும் உளுந்தில் மூன்று திட்டு பிரித்தோம். முதலாவது, மீதி மருந்து அடித்து வெயிலில். இரண்டாவது, அதே மருந்து அடித்துக் கூடை கவிழ்த்து மேலே சாக்கு. மூன்றாவதற்கு மருந்து இல்லை, வெறும் தண்ணீர்.

ஸ்பிரேயரை நான் தூக்கப் போனேன். அண்ணி வாங்கிக்கொண்டாள். “இன்னிக்கு எனக்கு தூரம்தான். நானே அடிக்கிறேன். மூணுலயும் என் கையே படட்டும்.”

அண்ணன் வரப்பில் நின்று பார்த்தான். தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ.

பிப். 13, வியாழன்

வெயிலில் இருந்தது ஓரம் கருகிவிட்டது. கூடைக்குள் இருந்தது வெளிறியிருக்கிறது, ஆனால் கருகவில்லை. தண்ணீர் ஊற்றியது தளதளவென்று நிற்கிறது. அண்ணி கூடையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

அண்ணன் குனிந்து மூன்றையும் தொட்டுப் பார்த்தான். “சரி, மருந்துதான்” என்றான். அவ்வளவுதான். அண்ணி பக்கம் திரும்பவில்லை.

பிப். 15, சனி

கூடைக்குள் இருந்த திட்டும் வெயில் பட்டுத் தீய்ந்துவிட்டது. மூன்று திட்டிலிருந்தும் வேரோடு பிடுங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் மூவரும் கடைக்கு. உள்ளே உரம் வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர்.

கடைக்காரர் என்னிடம் மட்டும் பேசினார். டீச்சர் உட்காருங்க, டீச்சர் டீ சாப்பிடுங்க. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல முகம் மாறியது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, ஒரு மூட்டை உரம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அண்ணன் மூட்டையைப் பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணி முன்னால் வந்தாள். “உரம் வேணாங்க. உளுந்து செத்தது என்னாலயா, மருந்தாலயா? அத சொல்லுங்க.”

“டீச்சர், மருந்து மாறிப்போச்சு...”

“டீச்சர்கிட்ட இல்லீங்க. என்னைப் பாத்து சொல்லுங்க.”

கடைக்காரர் திரும்பினார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார். “மருந்தாலதாம்மா.”

உரம் வாங்க வந்த ஒருவர் தன் பையிலிருந்த மருந்துப் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புகார் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அண்ணன் வேண்டாம் என்கிறான். எழுதுவேன்.

பிப். 22, சனி

உளுந்தை உழுது மடக்கியாயிற்று. மண்ணில் இன்னும் அந்த மருந்து. மறுபடி உளுந்து போட முடியாது, மக்காச்சோளம்தான் தாங்கும். அதே கடையில் விதை வாங்கலாம் என்றான் அண்ணன். அண்ணி கேட்கவில்லை, கள்ளக்குறிச்சி போய் வாங்கி வந்தாள்.

காலையில் ஊன்றக் கிளம்பினார்கள். வரப்பில் நின்று அண்ணன் கேட்டிருக்கிறான், “இன்னிக்கு நீ எறங்கலாமா?”

இத்தனைக்கும் பிறகு.

அண்ணி விதைப் பையை அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிறாள். வெயில் ஏறிவிட்டது, அவன் தனியாக ஊன்றுகிறான். நான் போக மாட்டேன்.