வெறும் ஜெல்

என்னங்க,

உங்கம்மாவைப் பத்திக் கேட்டிருந்தீங்க. நீங்க சொன்னபடியே எங்க ஆஸ்பத்திரியில நடக்கிற ஈறு மருந்து ஆய்வுல அவங்களைச் சேர்த்துட்டேன். காலையும் ராத்திரியும் கண்ணாடி முன்னால நின்னு ட்யூபைப் பிதுக்கித் தேய்க்கிறாங்க. பல் ஆடுறது நின்னுடுச்சாம். "உன் கையால கலந்தது, வீண் போகுமா"ன்னு நேத்து என் தலையைத் தடவினாங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் கை பட்ட எதையும் அவங்க மெச்சினதில்லை.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். முன்னைவிட அதிகமா ஆடுது.

ஆய்வுல பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் ஜெல். யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது. கலந்து ட்யூபுல நிரப்புற எனக்கு மட்டும் தெரியும். உங்கம்மாவுக்கு வந்தது வெறும் ஜெல். நான் எதுவும் பண்ணலை, குலுக்கிப் போட்டது கம்ப்யூட்டர்.

வெளியில சொன்னா என் வேலை போகும். சொல்லலைன்னா அவங்க முன்பல் போகும். "ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன், நான் என்ன பண்றது"ன்னு எப்பவும் ஒதுங்கிப்பீங்களே. இப்போ உங்களுக்கும் தெரியும்.

மறந்துட்டேன். பல் விழுந்தா தூக்கிப் போட வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லி வைங்க. ஆய்வுக்கு வேணும்.

இப்படிக்கு,
உங்கம்மா மெச்சின மருமகள்