தூண் மறைக்கும் இருக்கை

அன்புள்ள கோபக்காரிக்கு,

நேற்று மாலை நம் பழைய தியேட்டருக்குப் போனேன். கூரையிலுள்ள நீல வானத்துக்குப் புதிதாக வண்ணம் பூசியிருக்கிறார்கள். விளக்குகள் அணைந்த பிறகும் அதன் நட்சத்திரங்கள் கொஞ்ச நேரம் தங்கி, மெல்ல மறைகின்றன.

பால்கனியில் நம் இரண்டு இருக்கைகளையும் வாங்கினேன். தூண் மறைக்கும் இருக்கை ஒருமுறை உனக்கு, ஒருமுறை எனக்கு. படம் தெரிகிறவர் மற்றவர் காதில் கதை சொல்ல வேண்டும். நீ அக்கா வீட்டுக்குப் போவதற்கு முன் பார்த்த படத்தில் தூண் உன்னுடையது. அதனால் நேற்று என் முறை.

டார்ச்சுடன் வந்தவர் சிரித்தார். "ஹாலே காலியாக் கிடக்கு சார். தூணைப் பாக்கவா டிக்கெட் வாங்கினீங்க? தள்ளி உக்காருங்க."

"அது அவ சீட்டுப்பா."

"அவங்கதான் வரலையே."

நான் தூணுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டேன்.

படத்தின் வெளிச்சம் தூணில் செதுக்கிய பொன்னிறப் பறவைகள்மேல் ஓடியது. அவை சிவந்தன, நீலமாயின, ஒருமுறை சிறகடித்தது போலவும் இருந்தது. கதை சொல்ல ஆளில்லாமல் வசனங்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சியில் ஒரு கதவு திறக்கும் சத்தம் வந்தது. யாரும் பேசவில்லை. வீட்டுக்குள் வந்தது யாரென்று தெரியாமலே எழுந்து வந்துவிட்டேன்.

படம் வியாழன் வரை ஓடுகிறது. கணக்குப்படி இனி உன் முறைதான். பரவாயில்லை, தூணை நானே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்து இருக்கைக்காரன்