வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி

மரக்காணம்,
2.4.2025

அன்புத் தங்கை சுலோசனாவுக்கு அண்ணன் தட்சணாமூர்த்தி எழுதுவது.

இங்கே நானும் அண்ணியும் பிரியங்காவும் சுகம். திண்டிவனத்தில் நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. மூன்று வருஷமாக உன் ஃபோன் என் நம்பருக்கு மட்டும் கிடைப்பதில்லை. ஏதோ கோபம் என்று நானும் விட்டுவிட்டேன். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், இப்போது நல்ல செய்தி.

பிரியங்காவுக்குக் கிளியனூரில் இடம் முடிந்துவிட்டது. வைகாசியில் முகூர்த்தம். பையனுடைய அப்பா அர்ச்சுனன் கொஞ்சம் கௌரவம் பார்க்கிற ஆள். கல்யாணம் முடிந்ததும் அவர்கள் வீட்டார் பன்னிரண்டு பேரையும் எங்கேயாவது மலைப்பக்கம் அழைத்துப்போக வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எந்தங்கச்சிக்குக் கொடைக்கானல்ல ரிசார்ட்டே இருக்குது சம்பந்தி, கவலைய வுடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை சடையப்பன் உயிரோடு இருந்தபோது, வருஷத்துக்குச் சில நாள் ரிசார்ட்டில் தங்கிக்கொள்ள வாங்கிப்போட்ட ஹாலிடே கிளப் பாயிண்ட்டுகளை நீ வருஷா வருஷம் வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுகிறாயாம், கேள்விப்பட்டேன். இந்த வருஷம் எனக்கு விடு. மே 26 முதல் மூன்று ராத்திரி. சும்மா கேட்கவில்லை, காசு தருகிறேன்.

கல்யாணத்துக்கு அவசியம் வா. முகூர்த்த நேரத்துக்கு வந்து நிற்க வேண்டாம், சபையில் பெரியவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், உனக்கே தெரியும். முந்தின நாள் ரிசப்ஷனுக்கு வந்து பிள்ளையை வாழ்த்திவிட்டுப் போ.

உப்பளம் பரவாயில்லை. பங்குனி மழையில் ஒரு வாரம் பாத்தியெல்லாம் கரைந்தது. இனி வெயில்தான்.

அன்புடன்,
அண்ணன்


திண்டிவனம்,
6.4.2025

அன்புள்ள அண்ணாவுக்கு சுலோசனாவின் வணக்கம்.

கடிதம் கண்டேன். பிரியங்காவுக்கு என் ஆசீர்வாதம். நேற்றுத்தான் பாவாடை தடுக்கி விழுந்தாள் போலிருக்கிறது, அதற்குள் கல்யாணம்.

உங்களுக்குக் கொடைக்கானல் அறைகளைத் தருகிறேன். மூன்று அறை, மூன்று ராத்திரி, மொத்தம் எழுபத்திரண்டாயிரம். வெளியாட்களுக்கு விடுகிற அதே விலைதான். எனக்கு லாபம் இல்லை. அவர் போன பிறகும் வருஷா வருஷம் கிளப்புக்குப் பராமரிப்புப் பணம் கட்டவேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் விடுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனது ஒரே ஒரு தடவை.

பணம் கட்டும் கெடுவைச் சொல்லிவிடுகிறேன். தங்கப்போகும் நாளுக்கு முப்பது நாள் முன்புவரை ரத்து செய்தால் பாயிண்ட் முழுவதும் எனக்குத் திரும்பிவிடும். அதைத் தாண்டினால், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அவ்வளவும் போச்சு. உங்கள் தேதிக்கு அந்தக் கடைசி நாள் ஏப்ரல் 26. வேறு ஆளுக்கு மாற்றிவிட எனக்கு ஒரு நாள் வேண்டாமா? ஆகவே ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்குள் முழுப் பணமும் என் பேங்க் கணக்குக்கு வந்துவிட வேண்டும். போன வருஷம் விழுப்புரத்துக்காரர் ஒருவர் "நாளைக்கு மேடம், நாளைக்கு மேடம்" என்று சொல்லியே என் பாயிண்ட்டில் பாதியைத் தின்றுவிட்டார். அதிலிருந்து யாருக்கும் கெடு தள்ளிப்போடுவதில்லை.

சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள். ஃபோன் வேண்டாம். ஃபோனில் பேசினால் சொன்னது சொல்லாததாகிவிடும்.

அன்புடன்,
சுலோசனா


மரக்காணம்,
11.4.2025

என் அருமை வாத்தியாரம்மாவுக்கு,

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வைக்கிற மாதிரி எனக்கே கெடு வைக்கிறாயா? படித்துவிட்டு அண்ணியிடம் காட்டினேன். "ஏங்க, கூடப் பொறந்தவங்களுக்குள்ள என்னங்க மணிக்கணக்கு" என்று அவளும் சிரித்தாள்.

போகட்டும். சம்மதம். எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். ஆனால் ஒன்று. இப்போது பாதி அனுப்புகிறேன், மீதியை அவர்கள் கொடைக்கானல் போய் வந்ததும் தருகிறேன். லாரி சேட்டு இரண்டு லோடு உப்புக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை. நீ என்ன வேற்று மனுஷியா?

வேன் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டேன். அர்ச்சுனன் தன் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அவருடைய அக்கா இப்போதே ஸ்வெட்டர் வாங்கிவிட்டாளாம்.

அன்புடன்,
அண்ணன்


திண்டிவனம்,
15.4.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

பாதிப் பணம் வேண்டாம். முழுப் பணம், 25ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. உங்களால் முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், மனவருத்தம் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் மேரிசெல்வி டீச்சர் அதே தேதிக்கு அதே அறைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள் என்று அவரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

முன்கூட்டியே கட்டினாலும் வாங்கிக்கொள்வேன்.

அன்புடன்,
சுலோசனா


மரக்காணம்,
26.4.2025, சனி

சுலோசனா,

இது என்ன அக்கிரமம்? காலையில் ஏழு பத்துக்குப் பணம் அனுப்பினேன், ஏழு பதினாலுக்கு, அறையை மேரிசெல்வி டீச்சருக்குக் கொடுத்தாயிற்று என்று ஒரு வரி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். தாமதத்துக்கு ஆயிரம் ரூபாய் கூடவே போட்டிருந்தேனே, அதைப் பார்த்தாயா?

சேட்டு வியாழக்கிழமை விளக்கு வைத்த பிறகுதான் வந்து காசு கொடுத்தான். நேற்று வெள்ளிக்கிழமை. நீயும் இந்த வீட்டில் பிறந்தவள்தானே? விளக்கு வைத்த பிறகோ வெள்ளிக்கிழமையோ நம் வீட்டிலிருந்து என்றைக்காவது காசு வெளியே போயிருக்கிறதா? அப்பா காலத்தில் கூலியைக்கூட வியாழனே கொடுத்துவிடுவார். ஒரு ராத்திரி, அதுவும் பதின்மூன்று மணி நேரம். அதற்குள் அந்த டீச்சருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாயாமே!

கொடைக்கானலில் மே மாசம் எங்கேயும் இடம் இல்லை. இருக்கிற ஒரே ஓட்டலில் இரண்டு லட்சம் கேட்கிறான். கல்யாணச் செலவில் நான் எங்கே போவேன்? நாளை கிளியனூருக்குப் போய் அர்ச்சுனன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்த டீச்சரிடம் பேசு. உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

தட்சணாமூர்த்தி


திண்டிவனம்,
29.4.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

டீச்சரிடம் பேசமாட்டேன். அவர் பணம் வெள்ளிக்கிழமை ஆறு ஐந்துக்கு வந்துவிட்டது.

இந்த வீட்டில் பிறந்தவள்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பிறந்ததால்தான் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். வியாழன் என்று கெடு வைத்திருந்தால் எப்படியாவது புரட்டிக் கட்டியிருப்பீர்கள். நீங்கள் கடைசி நாள்வரை இழுப்பீர்கள், கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றால் கை வராது என்று எனக்குத் தெரியும். உங்களிடமிருந்து எதையும் நான் ஒளிக்கவில்லை. தேதி, கிழமை, மணி மூன்றையும் இரண்டு தடவை எழுதினேன்.

2022, மார்ச் 11. அதுவும் வெள்ளிக்கிழமைதான். அவரைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்து, நெஞ்சில் ஆபரேஷனுக்கு இரண்டு லட்சம் முன்பணம் கட்டச் சொன்னார்கள். உங்களிடம் கடன் கேட்கவில்லை, அண்ணா. அந்தத் தை மாசம்தான் அப்பாவின் உப்பளத்தில் என் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். "உப்பு வித்ததும் ஆறு லட்சம் கையில குடுத்துடறேன்" என்று சொல்லியிருந்தீர்கள். அதில் இரண்டு கேட்டேன். "வெள்ளிக்கிழம, வெளக்கு வெச்சாச்சு சுலோ. காலைல மொத வேலையா கொண்டாந்து தர்றேன்" என்றீர்கள். அவர் விடியற்காலை நாலு இருபதுக்குப் போனார். சொன்னபடி காலையில் மஞ்சள் பையோடு வந்தீர்கள். அந்தப் பையிலிருந்தே பந்தலுக்கும் பூவுக்கும் எடுத்துக் கொடுத்தீர்கள். மீதி நாலு லட்சத்தைப் பற்றி இன்றுவரை பேச்சில்லை.

பணம் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை. பிழைத்திருக்கமாட்டார் என்றும் சொல்லவில்லை. நான் மூன்று வருஷமாக அந்த இடத்திலேயே நிற்கிறேன்.

சனிக்கிழமை உங்கள் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காபி போட்டுக் குடித்தேன். நன்றாக இருந்தது. இன்னொரு தம்ளர் போட்டுக்கொண்டேன். நாளைக்கு என்று சொல்லிவிட்டால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குப் போனது மூன்று அறை மட்டும்.

சுலோசனா


மரக்காணம்,
4.5.2025, ஞாயிறு

சுலோசனாவுக்கு,

இதை நானாக எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதாவிட்டால் தானே திண்டிவனம் போய் உன்னிடம் சொல்லிவிடுவதாகப் பிரியங்கா கெடு வைத்திருக்கிறாள்.

கிளியனூருக்கு நான் போகவில்லை. அவர்களே போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார்கள். அறை கிடைக்கவில்லை என்றேன். ஏன் என்று அர்ச்சுனன் விடாமல் கேட்டார். வெள்ளிக்கிழமை நாங்கள் காசு கொடுப்பதில்லை, அதை வைத்துத் தங்கை பழி வாங்கிவிட்டாள் என்று சொல்லி, உன் கடிதத்தையும் காட்டினேன். உன்னைத்தான் தப்பாகப் பேசுவார்கள் என்று நினைத்தேன். காபி கொண்டுவந்த பிரியங்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்: "ஏம்பா, மாமா ஆஸ்பத்திரியில இருந்த அன்னிக்கு சாயந்திரம் வெளக்கு வெச்சப்புறம்தான ஜேசிபி மணிவண்ணனுக்கு நாப்பதாயிரம் குடுத்தீங்க? நாந்தான எண்ணிக் குடுத்தேன்? அத்தைக்கு மட்டும் எப்படிப்பா வெள்ளிக்கிழம?"

அவள் சொன்னது நிஜம். கால்வாய் வெட்டின கூலி. அன்று கொடுக்காவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

எழுதச் சொன்னதால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நீ ஃபோனில் அழுததைக் கேட்டபோதே ஆள் தேறமாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இரண்டு லட்சமும் போய், ஆளும் போய்விட்டால் என்ன செய்வது என்று மனசு கணக்குப் போட்டது. வெள்ளிக்கிழமை என்பது வாய்க்கு வசதியாக வந்தது. காலைவரை பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

கல்யாணம் நிற்கவில்லை. அர்ச்சுனன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அவ்வளவுதான். ஆனால் பிரியங்கா என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. நீ முகூர்த்தத்துக்கே வந்து முன்னால் நில். சபை என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வந்தால் அவளும் சரியாகிவிடுவாள். மன்னித்துவிடு. உன் மனசு எப்போது இறங்கும் என்று மட்டும் ஒரு வரி எழுது.

அண்ணன்


திண்டிவனம்,
8.5.2025

திரு. தட்சணாமூர்த்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

பால்காரருக்குக்கூட நான் வெள்ளிக்கிழமை காசு கொடுப்பதில்லை. அந்தப் பழக்கம் எனக்கும் ஊறிப்போனதுதான். அதனால் இத்தனை வருஷமும் உள்ளுக்குள் ஒரு பக்கம் தங்களுக்காக நானே பேசிக்கொண்டிருந்தேன். பாவம், சாமிக்குப் பயந்த மனுஷன், தங்கை புருஷன் சாவான் என்றா நினைத்திருப்பார் என்று. அறையைக் கொடுக்காமல் விட்டதோடு என் ஆத்திரம் தணிந்துவிட்டது. கல்யாணத்துக்கு வரலாம் என்று புடவைகூட எடுத்து வைத்திருந்தேன்.

சாவார் என்று நினைத்துத்தான் பணத்தைப் பிடித்துவைத்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்று அறையோடு விட்டிருக்கமாட்டேன்.

முகூர்த்தத்துக்கும் வரமாட்டேன், ரிசப்ஷனுக்கும் வரமாட்டேன். பிரியங்காவிடம் பேசிவிட்டேன். கல்யாணம் முடிந்ததும் அவள் புருஷனோடு இங்கே வந்து நாலு நாள் இருப்பாள். கூட்டிக்கொண்டு போகத் தாங்கள் வரவேண்டாம். மீதி நாலு லட்சத்துக்கு வக்கீல் நோட்டீஸ் வரும்.

மனசு இறங்குவதற்கு நான் கெடு எதுவும் வைக்கவில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை என்பதால் ஒன்றை மட்டும் மேரிசெல்வி டீச்சரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் செத்தால் மரக்காணத்துக்குச் சொல்லி அனுப்பக்கூடாது. பிறந்த வீட்டுக் கோடி என்று ஒரு முழத் துணியும் தங்கள் கையிலிருந்து என்மேல் விழக்கூடாது.

இப்படிக்கு,
சுலோசனா சடையப்பன்