அறுபதாயிரமும் கீழ் அறையும்

ஹவுன்ஸ்லோ
09.10.2023

அன்புள்ள தம்பி ரதீசனுக்கு,

நீயும் பிறேமினியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூரான் துணை. நான் சுகமில்லை. விமானம் துடைத்துத் துடைத்து முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. போனில் சொல்ல வந்தால், "பிறகு கதைப்பம் அக்கா, கடையில ஆக்கள் நிக்கினம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் முத்திரை ஒட்டி எழுதுகிறேன்.

நீ வீடு வாங்கும்போது, உன் அத்தான் செத்து வந்த இன்சூரன்ஸ் காசு அறுபதாயிரம் பவுணையும் உனக்கு மோட்கேஜ் கடன் தந்த வங்கியிலேயே, என் பெயரில், அந்தக் கடனோடு சேர்த்துப் போட்டேன். எனக்கு அதற்கு வட்டி கிடையாது. உன் கடனிலும் அந்த அறுபதாயிரத்துக்கு நீ வட்டி கட்டத் தேவையில்லை. இரண்டு வருடத்துக்குத் தொட ஏலாது என்றார்கள். நவம்பர் முப்பதோடு அது முடிகிறது. காசை எடுத்து வேறு வங்கியில் போடப் போகிறேன். இப்போது ஐந்து வீதம் தருகிறார்கள், மாதம் இருநூற்றைம்பது பவுண். அது வந்தால் கிழமையில் ஒரு நாளாவது வேலையைக் குறைக்கலாம்.

கோவிக்காதே. பென்ஷன் எடுத்ததும் நீ எனக்கென்று சொன்ன கீழ் அறைக்கு வந்துவிடுவேன். அங்கே நான் வாங்கிப் போட்ட கட்டிலுக்கு விரிப்பும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்பு அக்கா,
கமலேஸ்வரி


ஃபாரஸ்ட் கேட்
14.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

கோவிக்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்? என்னுடைய இரண்டு வீத வட்டியும் அதே முப்பதாம் திகதியோடுதான் முடிகிறது. இனி ஆறு வீதமாம். இப்போது மாதம் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் கட்டுகிறேன். டிசம்பரிலிருந்து ஆயிரத்து எண்ணூற்றைம்பது. உங்கள் காசையும் எடுத்தால் இரண்டாயிரத்து நூற்றைம்பது. கடையில் பிரிட்ஜ் ஓடுகிற கறண்ட் காசுக்கே நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். வீடு கைவிட்டுப் போனால் பிள்ளைகளோடு எங்கே போவேன்?

புது வீட்டுக்குக் குடிபூரலன்று பிறேமினியின் தாய் முகத்தைச் சுழித்தா. "என்ர அக்காதான் பால் காய்ச்சுவா" என்று உங்களைப் பானைக்கு முன்னால் நிறுத்தியவன் நான். நாற்பது பேருக்கு முன்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "தம்பிக்குத்தானே, என்ர காசு கிடந்திட்டுப் போகட்டும்." அப்போது அந்தக் காசுக்கு வெளியில் மாதம் ஐந்து பவுண் வந்திருக்கும். ஐந்து பவுணுக்கு வள்ளலாக இருந்தீர்கள். இருநூற்றைம்பது என்றதும் தம்பி ஆர் என்று கேட்கிறீர்கள்.

இன்னும் இரண்டு வருடம் விட்டு வையுங்கள். ஒருமுறைதான் கேட்பேன்.

தம்பி,
ரதீசன்


ஹவுன்ஸ்லோ
18.10.2023

ரதீசனுக்கு,

நான் வள்ளலாக இருந்தபோது உனக்கு மாதம் நூறு பவுண் மிச்சம். ஒருநாள் ஒரு கிலோ கத்தரிக்காய் கொண்டுவந்து தந்தாயா? உன் கடையில் வாங்கின மாவுக்கும் சில்லறை எண்ணித்தானே வாங்கினாய்! இப்போது விட்டு வைத்தால் உனக்கு மாதம் முந்நூறு மிச்சம், எனக்கு இருநூற்றைம்பது நட்டம். அந்த நட்டத்துக்கு முழங்காலில் நிற்கப் போகிறவள் நான்.

வட்டியைக் கூட்டினது நானில்லை. நாலரை லட்சத்துக்கு வீடு வாங்கச் சொன்னதும் நானில்லை. "சின்ன வீடு எங்களுக்குக் காணாது அக்கா" என்று ஒற்றைக்காலில் நின்றது நீ. "உங்களுக்குப் போற வட்டியில பாதியை நான் தாறன்" என்று நீ ஒரு சொல் எழுதியிருந்தால் யோசித்திருப்பேன். நீ பால்பானையைச் சொல்லிக் காட்டினாய். தாலி இழந்தவள் பால் காய்ச்சினால் விளங்காது என்று உன் மாமி சொன்னது அன்றைக்கே எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டுதான் காய்ச்சினேன்.

காசை எடுக்கிறேன்.

கமலேஸ்வரி


ஃபாரஸ்ட் கேட்
04.12.2023

அக்காவுக்கு,

காசு போய்விட்டதாக வங்கி அறிவித்தது. கீழ் அறையை ஒரு பெடியனுக்கு மாதம் அறுநூறு வாடகைக்கு விட்டிருக்கிறேன். விரிப்பு இனித் தேவைப்படாது. என்றைக்காவது வட்டி இறங்கும். அப்போது உங்களுக்குப் பாசம் திரும்பி வந்தால் எழுதுங்கள்.

ரதீசன்


ஹவுன்ஸ்லோ
11.08.2025

அன்புள்ள தம்பிக்கு,

வட்டி இறங்கினதும் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஐந்து வீதம் தந்தவர்கள் இப்போது மூன்றரை என்கிறார்கள். அதற்கு முதலே நான் இருக்கிற வீட்டின் சொந்தக்காரன் வந்து, "என்ர மோட்கேஜும் ஏறிப்போச்சு அன்ரி" என்று வாடகையில் இருநூற்றைம்பது கூட்டிவிட்டான். உன்னிடம் பிடுங்கி எடுத்தது அப்படியே அவன் கைக்குப் போனது. வேலையில் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை.

ஜூனில் வலது முழங்கால் மாற்றினார்கள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். உனக்கு அறிவிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். எனக்கிருப்பது இரண்டாம் மாடி, படி ஏற ஏலாமல் இருக்கிறது. பிடிவாதம் போதும் தம்பி, எனக்குப் பயமாயிருக்கிறது. கீழ் அறையைத் தா. சும்மா வேண்டாம். அந்தப் பெடியன் தருகிற அறுநூறை நானும் தருகிறேன், முதல் மாதத்துக்கு இதோடு செக் வைத்திருக்கிறேன். அறுபதாயிரத்தையும் திரும்ப உன் கடனோடு வைக்கச் சொன்னால் வைக்கிறேன்.

உன் அக்கா


ஃபாரஸ்ட் கேட்
19.08.2025

அக்காவுக்கு,

செக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அறுபதாயிரமும் வேண்டாம். டிசம்பரிலிருந்து கடனை நாலு வீதத்துக்கு எழுதியாயிற்று. அந்த ஆறு வீதத்தைப் பிறேமினியின் தாலிக்கொடியை அடைவு வைத்துத்தான் தாண்டினோம். அது இன்னும் மீளவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு சொல் சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேன். நீங்கள் சொல்லவில்லை.

கீழ் அறைப் பெடியன் ஒவ்வொரு முதலாம் திகதியும் அறுநூறைப் போடுகிறான். அவன் நாற்பது பேருக்கு முன்னால் ஒன்றும் சொல்வதில்லை, நானும் அவனுக்கு நன்றிக்கடன் படவில்லை. இந்த வீட்டில் எனக்கிருக்கிற நிம்மதி அதுதான். அவனை அறையை விட்டு எழுப்ப மாட்டேன்.

அவன் படுப்பது நீங்கள் வாங்கிப் போட்ட கட்டிலில். அதற்கு எவ்வளவு என்று எழுதுங்கள், அனுப்பிவிடுகிறேன்.

ரதீசன்