உங்கள் பேட்ஜும் நான் தைத்த பட்டுப் பையும்

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய வீட்டுக்காரருக்கு,

ஏங்க, உங்களைப் பற்றி ஒரு பெரிய கூட்டத்தில் பேசிவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால், உனக்கு எதுக்கு இந்த வம்பு என்று கேட்டிருப்பீர்கள். கேட்க ஆளில்லாததால் போய்விட்டேன்.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்களின் உடம்பைக் கதிர்வீச்சு என்ன செய்கிறது என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறதே, நீங்கள்கூட வருஷா வருஷம் ரத்தம் கொடுத்தீர்களே, அதேதான். வருஷத்துக்கு ஒரு தடவை வெளியிலிருந்து நிபுணர்கள் வந்து, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பார்களாம். இந்த முறை குடும்பங்கள் சார்பிலும் ஒருவர் உட்காரட்டும் என்று முடிவானது. ரத்தம் எடுக்க வருகிற டாக்டரம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டார். நான் வாயாடி என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

கிளம்புவதற்கு முதல் நாள் உங்கள் தம்பி சேகர் வந்தார். உங்கள் வேலையில், அதே எக்ஸ்ரே அறையில், இப்போது அவர்தான் இருக்கிறார். உட்காரக்கூட இல்லை.

"அண்ணி, அங்க போயி பேட்ஜ் கதையெல்லாம் பேசாதீங்க. என்னுதும் டிராயர்லதான் கெடக்குது. தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன்?"

பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். நிஜமாகவே பேசக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

பட்டுக் கடையில் புடவைக்குக் குஞ்சம் கட்டுகிற வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, காலை பஸ்ஸில் சென்னைக்குப் போனேன். பேச மாட்டேன் என்றவள் அந்தப் பட்டுப் பையை ஏன் எடுத்துக்கொண்டு போனேன்? வாலாஜாபாத் தாண்டுகிறவரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தேன்.

நீள மேஜை, ஏசி, ஆளுக்கொரு தட்டில் பிஸ்கட். தலைவராக ஒரு வயசான பேராசிரியர். திரையில் ஏதேதோ கோடுகள் போயின, டாக்டரம்மா என் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சின்ன ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே உதவியாளர்கள் என்று உங்கள் பிரிவு வந்தது. கதிர்வீச்சை அளக்க நெஞ்சில் குத்திக்கொள்ளத் தருகிற பேட்ஜ்களைப் பார்த்தால் இவர்கள் மேல் பட்டது ஏறக்குறைய பூஜ்ஜியம், அதனால் அடுத்த வருஷத்திலிருந்து இவர்களுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்றார்கள். சுற்றிலும் தலைகள் ஆடின.

பூஜ்ஜியமாம். ரத்தப் புற்றுநோயில் நீங்கள் துரும்பாக இளைத்துக் கிடந்ததை அந்த அறையில் நான் ஒருத்திதான் பார்த்தவள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு தடவை பேட்ஜைத் தொலைத்துவிட்டு, இன்னொரு முறை தொலைந்தால் வேலைக்கு வராதே என்று திட்டு வாங்கிக்கொண்டு, முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தீர்கள். புதுசு வந்த அன்றைக்கே கடையில் கிடந்த அரக்குப் பட்டுத் துண்டில் நான் ஒரு சுருக்குப் பை தைத்தேன். இதில் போட்டு பீரோவில் வையுங்கள், எங்கேயும் போகாது என்று சொன்னதும் நான்தான். எங்கேயும் போகவில்லை. என் கல்யாணப் புடவைக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் பத்திரமாக இருந்தது. மூன்று மாசத்துக்கு ஒரு முறை, அளந்து பார்க்க அனுப்புகிற அன்றைக்கு மட்டும் வெளியே வரும்.

நீங்களோ தினமும் அந்த அறையில், துள்ளுகிற குழந்தைகளை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கதிர்வீச்சைத் தடுக்க இருந்த ஒரே ஈய அங்கியையும் குழந்தையின் அம்மாவுக்குப் போட்டுவிடுவீர்கள். அந்தத் திரையில் இருந்த பூஜ்ஜியம் நம் பீரோவுடையது.

குடும்பங்கள் சார்பில் ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா என்று பேராசிரியர் மரியாதைக்குக் கேட்டார். சேகர் முகம் கண் முன்னால் வந்தது. பேசினால் அவருக்கு வேலை போகலாம். பேசாவிட்டால் அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க ஆளே வர மாட்டார்கள். பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"ஐயா, அவர் பேட்ஜு அவர் நெஞ்சுல இல்ல. இந்தப் பைக்குள்ள, எங்க வீட்டு பீரோவுல இருந்துது. நான்தான் வைக்கச் சொன்னேன்."

டாக்டரம்மா அதை இங்கிலீஷில் சொல்ல ஒரு நிமிஷம் தடுமாறினார். இப்படி இன்னும் யார் யார் என்று ஒருவர் கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன் என்றேன். வெகுநேரம் இங்கிலீஷிலேயே பேசினார்கள். கடைசியில், ரத்தப் பரிசோதனை நிற்காது, எல்லா ஆஸ்பத்திரிகளிலும் பேட்ஜை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்போம் என்று பேராசிரியர் சொன்னார்.

"அவர் பேருக்கு நேரா பூஜ்ஜியம்னு போடாதீங்க ஐயா. தெரியாதுன்னு போடுங்க" என்றேன். அவர் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் டாக்டரம்மாவிடம், போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். பேட்ஜ் எதையும் தடுக்காது, எவ்வளவு பட்டது என்று மட்டும் சொல்லும் என்றார். அது சொல்லியிருந்தால் உங்களை வேறு வேலைக்கு யாராவது மாற்றியிருக்கலாம். மாற்றியிருந்தாலும் இந்த நோய் வராமல் இருந்திருக்குமா என்று சொல்ல முடியாதாம். அந்த 'மாற்றியிருக்கலாம்' என்னைத் தூங்க விடவில்லை. தொலைக்காதே என்று அத்தனை பேர் சொன்னார்களே, அது எதற்கு என்று ஒருவராவது நமக்குச் சொன்னார்களா? உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தும், நான் ஆசையாகத் தைத்தேன் என்பதற்காகவா அதில் போட்டு வைத்தீர்கள்? அப்படியிருந்தால் உங்களை நான் மன்னிக்கவே மாட்டேன்.

சேகர் வருவதில்லை. ஆஸ்பத்திரிக்கு அந்த ஆராய்ச்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். அவர் பெண்கள்கூட நம் வாசலைத் தலை குனிந்தே தாண்டுகிறார்கள். நேற்றுக் காலை அவர் மனைவி வந்து வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, அவரு பேட்ஜுல கிளிப்பு ஒடஞ்சி கெடக்குது. சட்டையில குத்த ஊக்கு இருக்குதா?"

என் சேலையில் இருந்த ஊக்கையே கழற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பை மறுபடியும் பீரோவுக்குள் போகாது. அடுத்த வருஷக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அதை எடுத்துக்கொண்டு போவேன். உங்கள் பெயருக்கு நேரே அந்தப் பூஜ்ஜியம் இருந்தால், அதை அழிக்கிறவரை எழுந்திருக்க மாட்டேன். இது சத்தியம்.

பை தைத்துக் கொடுத்த உங்கள் மனைவி,
புஷ்பா